எம்.டி. ஏறிய பயிற்சிக் கோபுரம்

எங்கள் எம்.டி. கழுத்தில் ரோஜா மாலையோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

கீழே நாதஸ்வரக்காரர், வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கேண்டீன் பக்கமிருந்து கேசரிக்கு நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை வந்தது. கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் கைதட்டவில்லை. அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி நான்.

"வாராவாரம் சவுதி மணலையே அள்ளிப் போடுறீங்களே மச்சான், நம்ம ஊருல உங்களுக்கு ஒண்ணுமே நடக்கலையா?" என்று இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, திருச்சி தென்னூரில் என் மனைவியின் தம்பி குறைப்பட்டுக்கொண்டான். நடந்தது. துவாக்குடியில் நடந்தது. எம்.டி.யை இறக்குவதற்கு முன்னால், அவர் எப்படி மேலே போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு இருக்கு, கட்டிடலாம்

வளைகுடாவில் பல வருஷம் கட்டுமானத் தளங்களில் சேஃப்டி வேலை பார்த்துவிட்டு, முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பியவன் நான். ஏணியில் சில படி ஏறினாலே கால் பூட்டிக்கொள்ளும். மேலே ஏறுகிறவர்களைப் பார்த்துக் கீழே நின்று கத்துவதற்கு முழங்கால் தேவையில்லை என்பதால் துவாக்குடியில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. கொதிகலன்களுக்கு வேண்டிய பெரிய இரும்புக் குழாய்கள், படிக்கட்டுகள், மேடைகள் செய்யும் கம்பெனி அது.

முதலாளி வரதன் சாரை எல்லாரும் எம்.டி. என்றுதான் சொல்வோம். ஸ்ரீரங்கத்துக்காரர். விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் ஈரம் காய்வதற்குள் கம்பெனிக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர். யாரும் வெறும் வயிற்றோடு வெல்டிங் பண்ணக் கூடாது என்று காலை டிபனை இலவசமாகப் போட்டவர்.

அவருக்கு இருந்த ஒரே பலவீனம் கேமரா. ஆயுத பூஜையோ, மரக்கன்று நடுவதோ, புதுத் தண்ணீர்த் தொட்டியோ, போட்டோவில் அவர் முகம் இருக்கும்; தொட்டி இருக்காது.

ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் ஆட்கள் உயரத்தில் வேலை செய்ய முறையாகப் பயிற்சி பெற்றிருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார். நான் சென்னையில் பயிற்சி கொடுக்கும் இடங்களை விசாரித்தேன். எம்.டி. சிரித்தார்.

"வெளில எதுக்கு அனுப்பணும் சலீம்? நம்மகிட்ட இரும்பு இருக்கு, வெல்டர் இருக்கா. பயிற்சிக்குன்னு ஒரு டவர் நாமளே கட்டிடலாம். கோபுரம் கட்டறது கைங்கர்யம் இல்லையா?"

வாஸ்து சொன்ன மூலை

பயிற்சிக் கோபுரத்தைக் கண்ட இடத்தில் நட முடியாது. லாரி திரும்பும் வழியில் இருக்கக் கூடாது. மேலே மின்கம்பி போகக் கூடாது. மண்ணைச் சோதித்து அஸ்திவாரம் போட வேண்டும். கொக்கி மாட்டும் ஒவ்வொரு இடமும், ஒரு ஆள் விழுந்தால் தாங்குமா என்று இழுத்துப் பார்க்கப்பட வேண்டும். அதற்கெல்லாம் பொருத்தமாகக் கம்பெனியின் கிழக்குப் பக்கத்துக் காலி மைதானத்தைக் காட்டினேன்.

எம்.டி. அழைத்து வந்த வாஸ்துக்காரர், தென்மேற்கில் கனம் இருந்தால்தான் கம்பெனிக்கு ஸ்திரம் என்றார். தென்மேற்கு மூலையில் உயர் அழுத்த மின்கம்பி போகிறது.

"கம்பியைத் தொடாமக் கட்டலாமே சலீம்?" என்றார் எம்.டி.

"தொட வேண்டியதில்ல சார். பக்கத்துல போனாலே இழுத்துரும்."

"பெருமாள் பாத்துப்பார்."

"பெருமாள் பாத்துப்பாரு சார். கரண்டுக்குக் கண்ணு கிடையாதே!"

இழுபறி நீண்டது. கடைசியில் வாஸ்துக்காரரே வழி சொன்னார். கோபுரத்தை நான் காட்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, கனத்துக்காகத் தென்மேற்கு மூலையில் ஒரு பழுதான லேத் மெஷினைக் கொண்டுபோய் வைத்தார்கள். கம்பெனிக்கு ஸ்திரம் வந்தது, எனக்குத் தூக்கம் வந்தது.

கோபுரம் எழும்பியதும் மூன்று மாடி உயரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. வெளிப்பக்கம் ஏணி, உள்ளே தளங்கள், நுழைவாயிலில் பூட்டுப் போட்ட கதவு. உச்சியில் ஒரு கலசம் வேண்டும் என்று எம்.டி. ஆசைப்பட்டார். காற்றில் கழன்றால் யார் தலையிலாவது விழும் என்றேன். கொஞ்சம் யோசித்து, "பிளாஸ்டிக்குல வெச்சா?" என்றார்.

ஏறத் தகுதி பெற்றவர்கள்

விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வெல்டர்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். தனியாக ஏறக் கூடாது, மோதிரம் கழற்ற வேண்டும், பையில் போன் கூடாது, ஒரு கொக்கியை மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்ற வேண்டும், காற்று பலமாக அடித்தால் ஏறவே கூடாது. இப்படி, குழந்தைக்கும் புரிகிற மாதிரி.

மனிதவள மேலாளர் கோமதி மேடம் அதை வாங்கி, அழகான ஆங்கிலத்தில் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துக் கோபுரத்தின் மேலேயே கட்டிவிட்டார். படிக்க வேண்டுமானால் ஏற வேண்டும். ஏற வேண்டுமானால் படித்திருக்க வேண்டும். போதாக்குறைக்குக் காற்றில் அது கப்பல் பாய் போல உப்பிக் கோபுரத்தையே இழுத்தது. நான் அவிழ்ப்பேன், அவர் கட்டுவார்.

பயிற்சி கொடுக்க ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். அவர் முன்னால் ஒரு வெல்டர்கூட இல்லை.

"வெல்டர்ஸை அனுப்பினா டெலிவரி போயிடும் சலீம்," என்றார் கோமதி மேடம். "சர்டிபிகேட்டுக்குத் தலை வேணும், அவ்வளவுதானே? யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்களை அனுப்பிட்டேன்."

சும்மா இருந்தவர்கள் யார்? கணக்குப் பிரிவில் ஒருவர், கேண்டீனில் டோக்கன் கிழிப்பவர், மேடத்தின் டிரைவர், வரவேற்பறையில் உட்காரும் ஸ்டெல்லா. ஆக, எங்கள் கம்பெனியில் உயரத்தில் வேலை பார்க்கத் தகுதி பெற்ற எல்லாரும் தரையில் வேலை பார்ப்பவர்கள். உயரத்தில் வேலை பார்த்தவர்கள் வழக்கம்போல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெல்லா பாலக்கரைப் பெண். முதல் நாள் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

"எனக்கு மொட்டை மாடி ஓரமா நின்னாலே தலை சுத்தும் சார். நான் ஃபோன் எடுக்குற ஆளு. என்னைய ஏன் சார் இதுல போடுறீங்க?"

"நான் போடலம்மா. பயமா இருந்தா ஏற வேணாம், நான் பேசிக்கிறேன்."

ஏற வேண்டாம் என்று சொன்னதாலோ என்னவோ, ஏறினார். முதலில் பாதி, பிறகு முழுவதும். பயிற்சி முடியும்போது மற்றவர்கள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு ஓடிவிட, இவர் உச்சித் தளத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொன்னேன். "கொஞ்சம் இருக்கேன் சார். இங்க ஒரு ஃபோனும் அடிக்கல," என்றார்.

மீட்புப் பெட்டி ஒன்றையும் வரவழைத்திருந்தோம். மேலே யாராவது மாட்டிக்கொண்டால் இறக்குவதற்கான கயிறு, கப்பி, நீளக் கம்பி எல்லாம் அதில் இருக்கும். கோபுரத்தின் அடியில் வைக்க வேண்டும் என்றேன். வெளிநாட்டுச் சாமான், வெயிலில் வெளுத்துவிடும் என்று வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சின்ன விளக்கும் போட்டார் கோமதி மேடம். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் முதலில் அது கண்ணில் பட வேண்டுமாம். பலமுறை கேட்டும் இடம் மாறவில்லை.

பெல்ட் பிடித்த பிறகு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை வந்தே தீரும். மச்சான் மன்னிக்கட்டும், சவுதி மணல்தான்.

அங்கே ஒரு எண்ணெய்த் தொட்டி வேலையில் பீகார்க்காரர் ஒருவர் சாரத்திலிருந்து தவறினார். இடுப்பிலும் தொடையிலும் கட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட் பிடித்துக்கொண்டது. கீழே நின்ற நாங்கள் எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். தொங்கியவரே மேலிருந்து சிரித்துக் கை காட்டினார். கிரேன் வரட்டும் என்று நின்றோம். கிரேன் சாவகாசமாக வந்தது. அவர் கை காட்டுவதை நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

கால்பட்டைகள் தொடையை இறுக்க, அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். மூளைக்குப் போகாது. விழாத மனிதர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். பெல்ட் பாதி வேலையைத்தான் செய்யும், மீதி கீழே நிற்பவர்களுடையது.

ஆனி கடைசி

திறப்பு விழாவுக்கு ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். ஆனால் காற்று பஞ்சாங்கம் பார்க்குமா? ஆடிக் காற்று முன்கூட்டியே கிளம்பி, அன்று காலையிலிருந்து துவாக்குடிப் புழுதியை வாரி எங்கள் கண்ணில் அடித்தது. கோபுரத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் எம்.டி.யின் முகம் உப்பி, சுருங்கி, மறுபடி உப்பியது.

பூஜை முடிந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் பிரதிநிதி முன்வரிசையில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். எம்.டி. திடீரென்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் ஏறி ஆரம்பிச்சு வெக்கறேன் சலீம்."

"காத்து ஜாஸ்தியா இருக்கு சார். இன்னைக்கு யாரும் ஏறக் கூடாது."

"நல்ல நேரம் முடியப் போறது. பாதி ஏறி ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

"நீங்க பயிற்சி எடுக்கல சார்."

"என் டவர்ல ஏற எனக்கு என்ன ஓய் பயிற்சி?"

கெஞ்சிப் பார்த்தேன், ஏணியை மறித்து நின்றேன். கோமதி மேடம் என் கையைப் பிடித்து விலக்கினார். வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பெல்ட் போடாமல் ஒரு படிகூட ஏற முடியாது என்பதில் மட்டும் நான் அசையவில்லை. மாட்டிவிட்டேன், பட்டைகளை இறுக்கினேன். அதற்கு மேல் யாரோ ஒரு மாலையைப் போட்டார்கள்.

ஏறினார். கொக்கிகளை நான் கீழிருந்து சொல்லச் சொல்ல மாற்றி மாற்றி மாட்டினார். இரண்டாம் தளத்தை அடைந்து, தடுப்பு இல்லாத பயிற்சி விளிம்பில் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். கொக்கி தலைக்கு மேலே கம்பியில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் போட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

"சார், அப்படியே ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுங்க சார்!"

எம்.டி. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். காற்று அடித்தது.

கேடயம்

விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ள பெல்ட்டோடு சேர்த்து மடித்துத் தைத்திருந்த பட்டை சர்ரென்று கிழிந்து விரிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த நொடி அவர் தளத்துக்குக் கீழே, கையும் காலும் எதிலும் எட்டாமல் ஊசலாடினார். கைதட்டல் கேட்டது.

"காலை ஆட்டுங்க சார்! சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிங்க!" என்று கத்தினேன்.

"சைக்கிள் ஓட்டி எத்தனை வருஷமாச்சு சலீம்!"

"மிதிங்க சார்! நிறுத்தாதீங்க!"

நான் கத்திய கத்தலில்தான் கூட்டம் அடங்கியது. நாதஸ்வரம் நின்றது. ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டு வரச் சொல்லி யாரோ ஓடினார்கள். அதன் முள் அந்த உயரத்துக்கு எட்டாது. நான் ஏணியில் கால் வைத்தேன். சில படிகளிலேயே முழங்கால் பூட்டிக்கொண்டது. இறங்கிவிட்டேன்.

"பெட்டி! பெட்டியைக் கொண்டு வாங்க!"

கோமதி மேடம் கைப்பையைக் கவிழ்த்துச் சாவி தேடினார். சீப்பு விழுந்தது, மாத்திரை அட்டை விழுந்தது, சாவி விழவில்லை. வரவேற்பறையிலிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம் வந்தது.

ஸ்டெல்லா பெட்டியோடு ஓடி வந்தார். விழாவுக்குப் பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையில் வர வேண்டும் என்ற உத்தரவை மீறிச் சுடிதாரில் வந்து, காலையில்தான் மேடத்திடம் திட்டு வாங்கியிருந்தார். சிறந்த பாதுகாப்புக்காக எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த பித்தளைக் கேடயத்தால் கண்ணாடியை உடைத்தாராம். அந்தக் கேடயம் செய்த ஒரே பாதுகாப்பு வேலை அதுதான்.

"நான் போறேன் சார்," என்றார். பெல்ட் மாட்டும்போது இரண்டு முறை கொக்கி நழுவியது.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு சார். நீங்க பேசிட்டே இருங்க."

பேசிக்கொண்டே இருந்தேன். காற்றில் அவர் துப்பட்டா பறந்து எங்கேயோ போனது. ஏறி, இரண்டாம் தளத்தில் கப்பியைக் கட்டி, விளிம்பில் குப்புறப் படுத்து, நீளக் கம்பியின் நுனியில் இருந்த கொக்கியை எம்.டி.யின் பெல்ட்டில் முதுகுப் பக்கம் இருந்த வளையத்துக்கு நீட்டினார். காற்று எம்.டி.யைத் திருப்பிக்கொண்டே இருந்தது. கொக்கி ஒருமுறை மாலையில் மாட்டியது, ரோஜா இதழ்கள் எங்கள் மேல் உதிர்ந்தன.

எம்.டி.யின் கால்கள் நின்றுவிட்டன. "ரங்கா, ரங்கா" என்ற முணுமுணுப்பும் தேய்ந்துகொண்டே வந்தது. எனக்குச் சவுதியில் கை காட்டியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

"சார், தூங்கக் கூடாது!" மேலிருந்து ஸ்டெல்லா அதட்டினார். வரவேற்பறையில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. "உங்க பேத்தி பேரு என்ன? சொல்லுங்க சார்!"

"...ஆண்டாள்."

"சத்தமா! ஆண்டாளு எந்த ஸ்கூலு? எந்த கிளாஸு?"

"யூகேஜி..."

"கால ஆட்டிக்கிட்டே சொல்லுங்க!"

கொக்கி டிக் என்று மாட்டியது. கீழே நானும் இரண்டு பேரும் கயிற்றை இழுத்து அவரைக் கொஞ்சம் உயர்த்தினோம். மேலே ஸ்டெல்லா பழைய கொக்கியை விடுவித்தார். முழு எடையும் என் கையில் இருந்த, கயிற்றை அடக்கும் பிரேக்குக்கு வந்தது. மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன். தரை தொட்டதும் படுக்க வைத்தோம். உதடு வெளுத்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினேன். வழி முழுக்க அவர் என் விரலை விடவில்லை.

ஒத்திகை அமோகம்

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது: உயிரைப் பணயம் வைத்து மீட்பு ஒத்திகை செய்து காட்டிய தொழிலதிபர். கும்பிட்டபடி இருந்த போட்டோவும் கூடவே. போட்டோக்காரர் நல்ல துல்லியமாக எடுத்திருந்தார். வாடிக்கையாளரின் பிரதிநிதி, இவ்வளவு தத்ரூபமான ஒத்திகையை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று பாராட்டி ஆர்டரைக் கொடுத்துவிட்டார்.

கோமதி மேடம் ஒரு கமிட்டி கூட்டினார். ஏறினால்தானே விழுவார்கள், கோபுரத்தை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்டால் உயர வேலை விதிகள் எதுவும் பொருந்தாது என்றார் கணக்குப் பிரிவுக்காரர். சர்டிபிகேட் வாங்கியவர் அவர். அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து எம்.டி. திரும்பிய அன்று, கமிட்டியின் முடிவை அவர் மேஜையில் வைத்தார்கள். படித்தார். என்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டார்.

"அம்மாடி, மேல நான் அழுதேனா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"இல்ல சார். பதில் சொன்னீங்க."

"கீழ எல்லாரும் கைதட்டினா. அது எனக்குக் கேட்டது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டவரை வெட்ட வேண்டாம். வெல்டர் எல்லாரும் ஷிஃப்ட் மாத்தி ஏறிக் கத்துக்கட்டும். டெலிவரி தள்ளிப் போனா வாடிக்கையாளர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ஃபோன் எடுக்க வேண்டாம், இனிமே அவாளுக்குச் சொல்லிக் கொடு. எனக்கும் முதல்லேர்ந்து சொல்லிக் கொடு. போட்டோ மட்டும் வேண்டாம்."

உச்சியிலிருந்து

காற்று அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு எம்.டி. வெல்டர்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டார். வயதுக்குத் தகுந்த மாதிரி மெதுவாகத்தான். டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு காலை நேரத்தில் ஸ்டெல்லா முன்னால் போக, அவர் முதல்முறையாக உச்சித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கீழே நானும் கோமதி மேடமும்.

உச்சியில் கம்பியைப் பிடித்தபடி நாலு பக்கமும் பார்த்தார். கம்பெனியை அவ்வளவு உயரத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. சட்டென்று குரல் மாறியது.

"சலீம்! ஷெட்டு கூரை மேல யாரோ நடக்கறார்! பெல்ட் இல்லாம நடக்கறார்!"

தரையில் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழைக்கு முன்னால் கூரைத் தண்ணீர்ப் பாதையைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருக்கிறார், ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், நம் பயிற்சிக் கணக்கில் வரமாட்டார் என்றார் கோமதி மேடம். அந்தக் கூரை சிமென்ட் ஷீட். அடியில் சட்டம் இருக்கும் ஆணி வரிசையை விட்டு, கால் தவறி நடுவில் வைத்தால் உடையும். அடியில் இரும்பு வெட்டும் மெஷின்கள்.

நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். கத்தினால் பதறிவிடுவார் என்று, ஷெட்டின் ஏணி அடியில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். "அண்ணே, டீ வந்திருக்கு. ஆணி அடிச்ச வரிசை மேலயே நடந்து இறங்கி வாங்க."

தோளில் துடைப்பமும் சாக்குமாக இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்காரர், காலில் ரப்பர் செருப்பு. அதற்குள் எம்.டி.யும் ஸ்டெல்லாவும் இறங்கி, பெல்ட்டைக் கழற்றாமலே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"ஏன்யா, பெல்ட் இல்லாம அங்க ஏறினேள்?" என்றார் எம்.டி.

அவர் எங்கள் மூன்று பேரையும், எம்.டி. இடுப்பில் தொங்கிய கொக்கிகளையும், தூரத்தில் பளபளத்த கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பாக ஏதும் செய்துவிட்டோமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"நான் அந்த டவர்ல ஏறலைங்களே சாமி," என்றார்.